முதல் வரியில் எழுத வேண்டியது

கல்முனைக்குடி
12.03.2005

அன்பின் நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் ஜெமீல் எழுதுகிறேன். கடல் ஊருக்குள் வந்ததிலிருந்து நாங்கள் இன்னும் பள்ளிக்கூட மைதானத்துக் கூடாரத்தில்தான் இருக்கிறோம். உன் வாப்பாவும் உம்மாவும் அடுத்த கூடாரம். நான் போன மாதம் டிப்போவுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுகிறேன். அந்த வேலைக்கு ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டர் சீனித்தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். அவன் பதுளை வரைதான் வருவான். அங்கே வெலிமடை பஸ்காரரிடம் கொடுத்து உன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். தபாலை நம்ப முடியாது.

எழுதும் காரணம் நதீரா. உன் ராத்தா, அவளுடைய உம்மா, போனதிலிருந்து அவள் பெரிதாகக் கதைப்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். ஏழாம் தரக் கணக்குப் புத்தகத்தை மட்டும் ஆரும் சொல்லாமல் தானாக எடுக்கிறாள். அவளுக்குக் கணக்குப் படிப்பித்த சேரும் இப்போது இல்லை, அவரும் அன்றைக்கே கடலில் மௌத்து. ஆகையால் என்னிடம் கேட்கிறாள். “பின்வரும் சொற்றொடர்களை அட்சரகணிதக் கோவைகளாக எழுதுக” என்று ஒரு பயிற்சி. “ஓர் எண்ணிலிருந்து மூன்றைக் கழித்து வருவதன் இரு மடங்கு.” நான் x − 3 × 2 என்று எழுதினேன். பிழை என்று அவளுக்கே தெரிகிறது. ஏன் பிழை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

x என்றால் என்ன என்று கேட்டாள். தெரியாத எண் என்றேன். “ஆருக்குத் தெரியாது, வாப்பா?” என்று கேட்டாள்.  நீ கணித ரீச்சர், நீ எழுதினால் நான் வாசித்துக் காட்டுவேன்.

மாமா உனக்கு ஒரு கடிதம் போட்டிருப்பார். அந்த விசயத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் எழுதவில்லை.

ஜெமீல்


வெலிமடை
19.03.2005

மச்சான் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கணக்கை முதலில் சொல்கிறேன். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸை வைத்தே சொல்லிக் கொடுங்கள். கல்முனையிலிருந்து x பேருடன் பஸ் புறப்படுகிறது. நிந்தவூரில் மூன்று பேர் இறங்குகிறார்கள். இப்போது பஸ்ஸில் x − 3. அக்கரைப்பற்றில் கூட்டம் ஏறி, இருந்தவர்கள் இரு மடங்காகிறார்கள். எதன் இரு மடங்கு? x இன் இரு மடங்கு இல்லை, மூன்றின் இரு மடங்கும் இல்லை. அந்த நேரம் பஸ்ஸில் இருந்த எல்லாருடைய இரு மடங்கு. ஆகவே அவர்களை அடைப்புக்குள் போட்டு 2(x − 3) என்று எழுத வேண்டும். முதலில் நடந்ததை அடைப்புக்குள் போட வேண்டும் என்று சொல்லுங்கள். அவள் பிடித்துக்கொள்வாள்.

“ஆருக்குத் தெரியாது” என்று என் வகுப்பில் இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாததற்கு ஒரு பெயர் வைத்தால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆனால் கணக்கைத் தொடங்கும்போது முதல் வரியிலேயே “பஸ்ஸில் இருந்தவர்கள் x என்க” என்று எழுத வேண்டும். அந்த வரியை எழுதாத பிள்ளைக்கு நான் புள்ளி போடுவதில்லை.

இனி மற்றது. மலைப்பாதையும் ஊர்ப்பாதையும் கடந்து நான் வந்து சேர்ந்தபோது என் ராத்தா ஸுலைஹாவை அடக்கி முடித்திருந்தீர்கள். மையவாடியில் நீளமாக ஒரு ஈரமண் கிடந்தது. எந்த இடம் என்று கேட்டேன். “இந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினீர்கள். அவ்வளவுதான். என் ராத்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் போனது ஏன் என்று நீங்கள் இன்றுவரை சொல்லவில்லை. நான் உங்களுக்கு ஸலாம் சொல்லாமல் பஸ் ஏறியதற்கு அதுதான் காரணம். இப்போதும் நதீராவுக்காகத்தான் எழுதுகிறேன்.

வாப்பாவின் கடிதம் வந்தது. நதீராவுக்கு உம்மா வேண்டுமாம், கிடைக்கப் போகும் வீட்டுக்கு ஆள் வேண்டுமாம், ஆகையால் நான் உங்களைக் கலியாணம் முடிக்க வேண்டுமாம். “ஜெமீல் மருமகன் சம்மதம்” என்றும் எழுதியிருக்கிறார். அது உண்மையா?

நுஸ்ஹா


கல்முனைக்குடி
09.04.2005

அன்பின் நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ் கணக்கு நதீராவுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது.

மாமா கேட்டது உண்மை. நான் தலையாட்டியதும் உண்மை. அந்த நாட்களில் ஆர் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டினேன். நிவாரணக்காரர் ஒருவர் சட்டை தந்து அளவு சரியா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்று தலையாட்டினேன். அது சின்னப் பிள்ளையின் அளவு. பொத்தான் பூட்ட முடியாது. இன்னும் அதைத்தான் உடுத்துகிறேன்.

மாமாவைக் குறை சொல்லவும் ஏலாது. கடற்கரை வீடு அவர் ஸுலைஹாவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. இப்போது கடலுக்குப் பக்கத்தில் கட்ட விடமாட்டார்கள். உள்ளே வயல் பக்கமாக நிரப்பிய காணியில் புது வீடு தருவார்களாம். அரசாங்கக் கந்தோரில் வீட்டுத் தலைவர் என்று என் பெயரைப் பதிந்துவிட்டார்கள். ஊரில் வீடு பெண்ணுடையது, ஆம்பிளை போய் இருப்பவன். கந்தோரில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நாளைக்கு நான் வேறொருத்தியை முடித்தால் மகளின் வீடு அந்நியக் குடும்பத்துக்குப் போய்விடும் என்று மாமா பயப்படுகிறார். உன்னை முடித்தால் வீடு வெளியே போகாது. அவருடைய யோசனை அவ்வளவுதான்.

நதீராவின் பயிற்சியில் ஒரு சிக்கல். “x ஏக்கர் வயலை ஒருவர் தன் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரித்தார். மகளின் பங்கு யாது?” அவள் x / 3 என்று எழுதியிருக்கிறாள். புத்தகத்தின் பின்னால் விடை x / 2. கேட்டால், மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்குதானே வாப்பா என்கிறாள். எனக்கும் அவள் சொல்வதுதான் சரியாகத் தெரிகிறது. புத்தகத்தில் பிழையா?

ஜெமீல்


வெலிமடை
17.04.2005

மச்சான் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். புத்தகத்தில் பிழையில்லை. “சமமாக” என்று எழுதியிருக்கிறது. என் வகுப்பிலும் பாதிப் பேர் x / 3 என்றுதான் எழுதினார்கள். ஒருத்தன் அதற்கும் மேலே போய், முதலில் விளைச்சலில் ஏழைகளுக்குரிய ஸக்காத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரித்திருந்தான். நல்ல பிள்ளை, சுவர்க்கத்துக்குப் போவான், கணக்கில் புள்ளி கிடைக்காது. நம் ஆட்கள் வசனத்தில் இருப்பதை வாசிப்பதில்லை. ஊரில் நடப்பதை வாசிக்கிறார்கள். நதீராவிடம் சொல்லுங்கள், மார்க்கம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது, ஆனால் கணக்குக்காரன் கேட்டது வேறு.

நீங்களும் அதே பிழையைத்தான் செய்திருக்கிறீர்கள். நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் கடிதத்தில் வாப்பாவின் யோசனை இருக்கிறது, கந்தோர் இருக்கிறது, ஊர் வழக்கம் இருக்கிறது, பொத்தான் பூட்டாத சட்டை கூட இருக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எங்குமில்லை. முதல் வரி இல்லாத கணக்கு.

என்னுடைய முதல் வரியை நான் எழுதுகிறேன். எனக்கு விருப்பமில்லை. ஒரு கணக்கில் ஒரு எழுத்து ஒன்றைத்தான் குறிக்கலாம். ராத்தா இருந்த இடத்தில் என்னை வைத்துவிட்டு எல்லாம் முன்போல் இருக்கிறது என்று எழுத ஏலாது. நீங்கள் என்னைப் பார்த்தால் அவவைத் தேடுவீர்கள். நான் உங்களைப் பார்த்தால் அந்த ஈரமண்ணைத்தான் பார்ப்பேன். வாப்பாவுக்கு மறுத்து எழுதிவிட்டேன். “ஆம்பிளை ஓம் எண்டுட்டார், நீ என்னத்துக்கு மறுக்கிறாய்?” என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் தலையாட்டலால் என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. வருகிற லீவுக்கு நான் வந்ததும் காவின் எழுதிக் கலியாணத்தை முடித்துவிட நாள் பார்க்கிறார்களாம்.

உங்களுக்கு விருப்பம் என்றால் விருப்பம் என்று எழுதுங்கள், நான் சண்டை பிடிக்கிறேன். இல்லையென்றால் போய் அதை வாப்பாவிடம் வாயால் சொல்லுங்கள். சும்மா இருக்க மட்டும் உங்களை விடமாட்டேன்.

நுஸ்ஹா


பொத்துவில்
02.07.2005

அன்பின் நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே ஊரின் பெயரைப் பார்த்திருப்பாய். நான் இப்போது பொத்துவில் டிப்போவில் வேலை செய்கிறேன். மாற்றம் நானே கேட்டு எடுத்தது.

மே மாதம் மாமாவிடம் போனேன். மாமியும் இருந்தார்.

“மாமா, எனக்கு நுஸ்ஹாவ முடிக்க ஏலா” என்றேன்.

“என்ன மருமகன் செல்றீங்க? ஓம் எண்டு தலையாட்டினீங்களே.”

“ஆட்டினதான். விளங்காம ஆட்டின. அவக்கும் விருப்பமில்ல, எனக்கும் விருப்பமில்ல.”

 “அப்ப வீடு?” என்று மாமா கேட்டார்.

“வீடு ஸுலைஹாட. இனி நதீராட.”

“பேப்பர்ல உங்கட பேர்தானே இரிக்கி.”

“பேர் இரிக்கட்டும் மாமா. நான் இரிக்கல்ல.”

“புள்ளய உட்டுப்போட்டா போறீங்க, மகன்?” என்று மாமி கேட்டார்.  பெண்சாதியின் வீட்டுக்கு வந்தவன் நான். பெண்சாதியும் இல்லை, உன்னையும் முடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் நான் ஆர்? அங்கேயே இருந்தால் வீட்டைப் பிடிக்க இருக்கிறேன் என்பார்கள், பிறகு உன்னை விடமாட்டார்கள். நதீராவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் நினைத்தேன். என் உம்மாவும் வாப்பாவும் எப்போதோ மௌத்து. டிப்போ அறையில் ஐந்து ஆம்பிளைகளோடு ஒரு பொம்பிளைப் பிள்ளையை எங்கே வைப்பது. அவள் மாமியோடுதான் இருக்க வேண்டும்.

நதீராவிடம் சொன்னேன். “எத்தின மணி பஸ், வாப்பா?” என்று கேட்டாள். சொன்னேன். சரி என்றாள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது.

நீ கேட்ட மற்றதற்குப் பதில். அன்றைக்குப் பள்ளிவாசலில் வைக்க இடமில்லாத அளவுக்கு ஜனாஸாக்கள். குளிப்பாட்ட நல்ல தண்ணீர் இல்லை. நுஸ்ஹா வருகிறாள் என்று நான் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள், பாவப்பட்டார்கள். பாதை உடைந்து கிடந்தது, நீ எப்போது வருவாய் என்று ஆருக்கும் தெரியாது, வெயில் ஏறிவிட்டது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே மண் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். கண் மூடியிருந்தது. பயந்த முகம் இல்லை. வேலை முடித்துவிட்டுச் சாய்ந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ “எந்த இடம்” என்று கேட்டாய், நான் இடத்தை மட்டும் காட்டினேன்.

ஜெமீல்


வெலிமடை
10.07.2005

மச்சான் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்து வாசித்தேன். பிறகு பாடத்துக்குப் போய் நாற்பது பிள்ளைகளுக்கு அடைப்பு நீக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிழையில்லாமல்தான் கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

நான் கேட்டது ஒரு வசனம். நீங்கள் ஊரையும் பிள்ளையையும் விட்டுப் போயிருக்கிறீர்கள். அப்படிச் செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் நான் எழுதியதால்தான் நடந்தது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று தெரியவில்லை.

ராத்தாவின் முகத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்த நாலைந்து வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை. வெறுமையாக இருக்கிறது.

நதீராவின் கணக்குக் கொப்பியை இனி வாப்பா நேரே எனக்கு அனுப்புவார். உங்களுக்கு விருப்பமென்றால் நீங்களும் எழுதுங்கள். கணக்கு இல்லாமலும் எழுதலாம்.

நுஸ்ஹா


பொத்துவில்
18.02.2007

அன்பின் நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்து ஒரு மாதமாகிறது. பாதை சரியில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மணிக்கணக்காக மறிக்கிறார்கள், சில நாட்களில் பஸ்ஸே இல்லை. சீனித்தம்பிக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகக் கேள்வி, அவன் தமிழ் ஆள் என்பதால். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு டிக்கட் கொடுக்கிறான். நான் பஸ் வர வேண்டிய நேரத்தை ஒரு வரியிலும் வந்த நேரத்தை அடுத்த வரியிலும் எழுதுகிறேன். இரண்டுக்கும் இப்போது தொடர்பே இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனேன். புது வீடு முடிந்துவிட்டது. இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை. மாமா வாசல் பூட்டின் திறப்பை என் கையில் தந்தார். நான் அதை நதீராவிடம் கொடுத்தேன். அவள் ஒன்பதாம் தரம் வந்துவிட்டாள், என்னைவிட ஒரு அங்குலம்தான் குறைவு. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தாள். கிட்டத்தட்ட விளங்கியது.

இங்கே டிப்போவுக்கு முன்னால் ஹாஜறா என்ற பெண் இடியப்பம் விற்கிறார். அவருடைய மாப்பிள்ளை அறுகம்பேயில் தோணி ஓட்டியவர், கடலோடு போய்விட்டார். மகள் ஏழாம் தரம். நதீரா அன்று கேட்ட அதே பயிற்சிதான். நான் உன்னுடைய பஸ் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு, உம்மா சுட்டது x இடியப்பம், அதில் பன்னிரண்டு விற்றால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளை எழுதுவதற்கு முன்னமே ஹாஜறா அங்கிருந்து, “பன்னிரண்டு ஆர் விக்கிற? இங்க பத்துப் பத்தாத்தான் விக்கிற” என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் யோசித்தேன், எப்போது கடைசியாகச் சிரித்தேன் என்று.

நீ மாற்றம் கேட்டு எழுதியிருப்பதாக மாமா சொன்னார். கிடைக்க துஆ செய்கிறேன்.

ஜெமீல்


கல்முனைக்குடி
11.01.2009

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாற்றம் கிடைத்துவிட்டது. போன வாரம் ஊருக்கு வந்தேன், நதீராவோடு புது வீட்டில்தான் இருக்கிறேன். இந்த வருடம் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. உம்மாவின் கால் வீக்கம் கூடிவிட்டது, அவவும் எங்களோடுதான். வாப்பா கடையில் பாதி நாள், இங்கே பாதி நாள்.

நதீரா கதைக்கிறாள். நன்றாகவே கதைக்கிறாள். நேற்று நான் பொரித்த மீனைப் பார்த்து, “என்னகா சாச்சி, வெலிமடையில மீன் பொரிக்க மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள். ஆளைப் பார்த்தால் ராத்தா, வாயைப் பார்த்தால் நான்.

நேற்று நீங்கள் வந்ததும் உண்ட கையோடு கூட்டாளி வீட்டில் படுக்கப் போய்விட்டீர்கள். நான் இருக்கும் வீட்டில் நீங்கள் தங்குவது கூடாது என்பது சரிதான். ஆனால் நான் வருமுன் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறீர்கள். இப்போது அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் ஒன்று செய்ய, நீங்கள் இன்னொரு அடி தள்ளிப் போகிறீர்கள். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நுஸ்ஹா


கல்முனைக்குடி
20.05.2009

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சண்டை முடிந்துவிட்டது என்று நேற்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். வரும் வழியில் சீனித்தம்பியைக் கண்டேன். இப்போது பொத்துவில் பஸ்ஸில்தானே ஓடுகிறான். அவனுடைய தம்பி குடும்பம் வன்னியில். ஒரு தகவலும் இல்லையாம். “முடிஞ்சுதாமே ரீச்சர்” என்றான். ஓம் என்றேன். அவன் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றான். வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோசமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. நாலு வருடமாக இப்படித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதை எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டால் நீங்கள் “ம்” என்பீர்கள், எனக்கு அது வேண்டாம்.

எனக்கு உங்களைக் கலியாணம் முடிக்க விருப்பம்.

வாப்பா சொல்லவில்லை. வீட்டுக்காகவும் இல்லை. நதீரா இன்னும் மூன்று நாலு வருடத்தில் எங்களை எல்லாம் விட்டுக் கம்பஸ் போவாள், அவளுக்காகவும் இல்லை. பதின்மூன்று வயதிலிருந்து உங்களை ராத்தாவின் மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். அப்போது உங்களைத் தெரியாது. இந்தக் கடிதங்களில்தான் தெரியும். எனக்காக வாப்பாவிடம் போய் நின்று, அதன் விலையை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாத மனிதனைத் தெரியும். அன்று விருப்பமில்லை என்று எழுதியது உண்மை. இன்று விருப்பம் என்று எழுதுவதும் உண்மை. அன்று என்னை ராத்தாவின் இடத்தில் வைக்கப் பார்த்தார்கள். இன்று நான் என் இடத்திலிருந்து கேட்கிறேன்.

முப்பத்தொரு வயதில் ஒரு பெண் இப்படி எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

நுஸ்ஹா


பொத்துவில்
03.06.2009

அன்பின் நுஸ்ஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைச் சீனித்தம்பி கையில் தந்தான். இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான் ஹாஜறாவைக் கலியாணம் பேசியிருக்கிறேன். சித்திரையில் பேசினேன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். ஊருக்கு வந்து எல்லாரிடமும் நேரில் சொல்ல நினைத்திருந்தேன், அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது.

ஆரும் சொல்லி நான் கேட்கவில்லை. நானே போய்க் கேட்டேன். அவர் கடையை மூடும் நேரம். “எனக்கு உங்கள முடிக்க விருப்பம். உங்களுக்கு விருப்பமா எண்டு தெரியா. விருப்பமில்லாட்டி நாளைக்கும் இடியப்பம் வாங்க வருவன்” என்றேன். முன்பெல்லாம் எனக்கு இப்படிக் கதைக்க வராது. என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீ. அதைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அதுதான் வெட்கமாக இருந்தது.

உன் கடிதம் மாசியில் வந்திருந்தால் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதை எழுத மாட்டேன். அன்று மாமாவிடம் ஆட்டிய தலையைத் திருப்பி எடுத்தேன், ஏனென்றால் அதில் நான் இல்லை. இதில் நான் இருக்கிறேன். அவர் ஓம் என்று சொல்லிவிட்டார், அவருடைய மகள் என்னைச் சாச்சா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். இதை என்னால் திருப்பி எடுக்க முடியாது. எடுக்க விருப்பமும் இல்லை. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் அதையும் எழுதுகிறேன்.

நதீராவுக்கு நீ சொல்லாதே. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து நானே சொல்கிறேன்.

ஜெமீல்


கல்முனைக்குடி
07.06.2009

மச்சான் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். வாசித்தேன். முதலில் உங்களை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு என்னைத் திட்டினேன், மாசியில் எழுதாமல் மீன் பொரித்துக்கொண்டிருந்ததற்கு. எனக்குக் கவலையாக இருக்கிறது. அதை மறைத்து எழுத வரவில்லை. ஹாஜறாவிடம் நீங்கள் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. அப்படி ஒருவர் வந்து என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்யட்டும். இதையும் மனதோடுதான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நதீரா குளிக்கப் போனதும் அழுதேன். ராத்தா மௌத்தான பிறகு இப்போதுதான். ஒரு தடவை தொடங்கியதும் எதற்காக அழுகிறேன் என்று பிரிக்க முடியவில்லை. நதீரா வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவளும் அழுதாள். உம்மா எழும்பி வந்து, “இப்பயாவது வந்துதே” என்று சொல்லி எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் உம்மாவையும் கூட்டிக்கொண்டு நிந்தவூர் மாமி வீட்டுக்குப் போய்விடுவேன், ஞாயிறு பின்னேரம்தான் வருவோம். அதுவரை நீங்கள் கூட்டாளி வீட்டுக்குப் போக வேண்டாம். மகளின் வீட்டில் இரண்டு இரவு படுங்கள். சொன்னதும் அவள் கோபப்படுவாள், என்னைப்போல் வாயடிப்பாள். பக்கத்தில் இருந்து அதைக் கேளுங்கள்.

மாங்காய் போட்ட மீன் ஆணம் ஆக்கி வைத்துவிட்டுப் போகிறேன். சோறு நதீரா ஆக்குவாள்.

நுஸ்ஹா